இதழ்களை எண்ணாதீர்கள், டீச்சர்

ஜூன் 2, ஞாயிறு

என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் என் வீட்டுக்காரர். ஓவிய வகுப்பாம். ஞாயிறுதோறும் காலை ஏழரை முதல் பத்து வரை, தென்காசி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மொட்டை மாடியில். "பூ வரையச் சொல்லித் தாராங்களாம். நீதான் ஆயுசு பூரா பூ வரைஞ்சவளாச்சே, போய்ட்டு வா" என்கிறார்.

முப்பத்திரண்டு வருடம் பெண்கள் பள்ளியில் தாவரவியல் நடத்தியவளுக்குப் பூ வரைய யார் சொல்லித்தருவது? செம்பருத்தியின் நீள்வெட்டுத் தோற்றத்தைக் கரும்பலகையில் ஒரே மூச்சில் போடுவேன். அழிப்பானைத் தொட மாட்டேன். "உலகம்மை டீச்சர் கண்ணை மூடிக்கிட்டே போடுவாங்க" என்று பிள்ளைகள் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். அதையெல்லாம் எடுத்துச் சொல்லி நன்றாகச் சண்டை போட்டேன். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்த மனிதரிடம் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. எவ்வளவு கத்தினாலும், "சரி, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க" என்று சொல்கிற முகத்தோடுதான் கேட்பார்.

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் சும்மாதான் இருக்கிறேன், போய்த்தான் பார்ப்போம்.

இந்தப் பக்கத்தில் எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. பேனா சரியில்லை. நாளைக்கு வேறு வாங்க வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்

பேனா வாங்கியாயிற்று. இதுவும் சரியில்லை.

ஜூன் 9, ஞாயிறு

சொல்லிக்கொடுக்கிறவள் என் பழைய மாணவி! மாடிப்படி ஏறி மூச்சு வாங்குவதற்குள், "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று வந்து நின்றாள். எனக்குத் தெரியவில்லை.

"மீராள், டீச்சர். ப்ளஸ் டூ, பயாலஜி குரூப்பு. என் ரிக்கார்டு நோட்டை நாலு தடவை திருப்பி விட்டீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். நாலு தடவை திருப்பி விட்டிருந்தால் நாலு தடவையும் காரணம் இருந்திருக்கும்.

வகுப்பில் ஆறு பேர். என் பக்கத்தில் தபால் ஆபீசில் வேலை பார்க்கும் கற்பகவல்லி. ஆளுக்கொரு அட்டையும், சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரி ஒரு பட்டை பிரஷ்ஷும் கொடுத்தாள் மீராள். எதிரே ஒரு வாளியில் சூரியகாந்திப் பூக்கள். நான் டப்பாவைத் திறந்து பென்சில், ரப்பர், ஸ்கேல் மூன்றையும் வரிசையாக வைத்தேன்.

"பென்சிலை உள்ள வச்சிருங்க டீச்சர். ஓரம் வரையக் கூடாது. நேரா கலர்தான்."

ஓரம் வரையாமல் பூ எப்படி வரும்? வாத்தியார் சொல் கேட்கிறவள்தானே நான், பென்சிலை உள்ளே வைத்தேன். பிரஷ்ஷின் நுனியால் ஒவ்வொரு இதழாக வைத்தேன். முப்பத்திநான்கு. பூவிலும் முப்பத்திநான்குதான், எண்ணிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். கோடுகள் கொஞ்சம் பிசிறின. பிரஷ்ஷில் முடி உதிர்கிறது. எல்லாம் முடிந்ததும், சத்தியமாக யோசிக்காமல்தான், ஸ்கேலை எடுத்து நாலு அம்புக்குறி போட்டு, கதிர்மலர், தட்டுமலர், பூவடிச் செதில், காம்பு என்று பாகங்களைக் குறித்து அடிக்கோடும் இட்டுவிட்டேன். மாடியே சிரித்தது.

"டீச்சர், பூவுக்குப் பேரு எழுத வேண்டாம். அதுக்கே தெரியும்" என்றாள் மீராள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சூரியகாந்தி ஒரு பூ அல்ல, ஆயிரம் சிறு பூக்கள் கூடிய ஒரு கொத்து, நாம் இதழ் என்று சொல்வதே தனித்தனிப் பூக்கள்தான் என்று பத்து நிமிஷம் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஆயிரம் பூவா? அப்ப எதுக்கு டீச்சர் எண்ணுதீங்க? விட்டிருங்களேன்."

ஜூன் 11, செவ்வாய்

டீ புடவையில் கொட்டிவிட்டது. புது டம்ளரின் விளிம்பு அகலம், பிடிக்க வாகாக இல்லை. இன்றிலிருந்து டீ போடுவது இவர் பொறுப்பாம். பாதி டம்ளர்தான் ஊற்றிக் கொடுக்கிறார். கேட்டால், "முழுசா ஊத்தினா ஆறிப் போயிரும்லா. ரெண்டு தடவையா குடி" என்கிறார். புதிதாக என்ன கண்டுபிடிப்போ. புடவைக்கு ஊக்கு குத்திவிடவும் வந்து நிற்கிறார். வேலையில்லாத மனிதர்.

ஜூன் 16, ஞாயிறு

இன்று மலை. மாடியிலிருந்து குற்றால மலை முழுதாகத் தெரிகிறது, உச்சியில் மேகம். முதலில் வானம், பிறகு மலை, பிறகு தரை, கடைசியில்தான் பூ என்று மீராள் வரிசை சொன்னாள். கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டுமாம். சுருக்கினால் இலையும் கிளையும் மறைந்து நிறம் மட்டும் மிஞ்சுகிறது. உள்ளதை உள்ளபடி பார் என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரச்சொன்னவள் நான். இவள் பாதி மூடச் சொல்கிறாள்.

பிரஷ்ஷைக் கடைசி நுனியில் பிடிக்க வேண்டும். மணிக்கட்டு அசையக் கூடாது, தோளிலிருந்து வீச வேண்டும். ஒரு தடவை தொட்ட இடத்தைத் திரும்பத் தொடக் கூடாது. நான் முடிக்குப் பக்கத்தில், அடியில், இறுக்கிப் பிடித்திருந்தேன். மீராள் இரண்டு முறை என் விரல்களைத் தளர்த்திவிட்டாள்.

"எதுக்கு டீச்சர் இவ்வளவு இறுக்குதீங்க? அது எங்கயும் ஓடாது."

பழக்கம் என்றேன்.

ஜூன் 20, வியாழன்

வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மூன்று முறை போடவைத்தாள் கவுண்டர் பெண். அந்த மேசையின் உயரம் சரியில்லை. இவர் பின்னாலேயே நின்றார். வரும் வழியில் நெல்லிக்காய் வாங்கினோம்.

ஜூன் 26, புதன்

இன்று அண்ணன் போன நாள். படத்துக்கு மாலை போட்டேன்.

கடைசி ஆறு வருடம் நான்தான் அண்ணனுக்குச் சோறு ஊட்டினேன். ஆறடி ஆள், கடைசியில் கட்டிலில் புரண்டு படுக்கவும் என்னைக் கூப்பிட வேண்டியதாயிற்று. முதலில் கைதான். வலது கை லேசாக ஆடியது, அவ்வளவுதான். டாக்டரிடம் போன அன்று தன் காலில் நடந்து போனார். வியாதிக்கு ஒரு பெயர் வைத்து அனுப்பினார்கள். அதன்பிறகுதான் ஒவ்வொன்றாகச் சரிந்தது. போகாமலே இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் நன்றாக இருந்திருப்பார் என்று எனக்கு ஒரு எண்ணம். அறிவியல் டீச்சர் எழுதுகிற வாக்கியமா இது? இல்லைதான். ஆனாலும் அப்படித்தான் தோன்றுகிறது.

நான் டாக்டரிடம் போகப்போவதில்லை. எனக்கு ஒன்றும் இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

மாடியில் நல்ல சாரல் காற்று. அட்டையைக் கிளிப் போட்டு நிறுத்தினாலும் படபடவென்று அடித்தது. ஒரு கையால் அட்டையைப் பிடித்துக்கொண்டதால் பிரஷ்ஷை இறுக்க முடியவில்லை. நுனியில் பிடித்து மஞ்சளைத் தோய்த்து, இழுத்தேன். ஒரு நீள இதழ். இழுத்த வழியெல்லாம் அலை அலையாக வந்தது. திருத்தலாம் என்று பிரஷ்ஷைத் தூக்கும்போது பின்னாலிருந்து மீராள் கத்தினாள்.

"தொடாதீங்க! அப்பிடியே விடுங்க டீச்சர்!"

எல்லோரையும் கூப்பிட்டாள். "பாருங்க, இந்தக் கோட்டைப் பாருங்க. இதுல காத்து அடிக்கி. நான் ஆறு வருசமாப் போடுதேன், எனக்கு இப்பிடி வரலையே. எப்பிடி டீச்சர் போட்டீங்க?"

ஆறு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"பயிற்சிதான்" என்றேன்.

வீட்டுக்கு வந்து படத்தைக் காட்டினேன். இவர் நெடுநேரம் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதை எழுதாமல் விடக் கூடாது.

ஜூலை 3, புதன்

இன்று பூராவும் மஞ்சள் இதழ்தான் போட்டுப் பார்த்தேன். சமையல் இவர்.

ஜூலை 7, ஞாயிறு

வகுப்பிலிருந்து பாதியில் வந்துவிட்டேன்.

உலகம்மை டீச்சர் போட்ட மாதிரி காற்றடிக்கிற இதழ் எல்லோருக்கும் வேண்டுமாம். ஆளுக்கொரு விதமாக முயன்றார்கள். கற்பகவல்லிதான் கண்டுபிடித்தாள். வேண்டுமென்றே கையை நடுங்கவைத்துக்கொண்டு, "இப்பிடியா டீச்சர்? இப்பிடியா?" என்று என் முகத்துக்கு நேராக ஆட்டிக் காட்டினாள். நல்ல பெண், சூதுவாது தெரியாது. மற்றவர்களும் சிரித்துக்கொண்டே ஆட்டினார்கள். ஆறு வருடம் நான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணன் கையை அங்கே பார்த்தேன். தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மாதிரிக்கு எடுத்துப்போயிருந்த போன வார அட்டையைக்கூட எடுத்து வரவில்லை.

ஆட்டோவில் வரும்போது மீராளின் ரிக்கார்டு நோட்டு ஞாபகம் வந்தது. எதற்காகத் திருப்பினேன் என்பதும். சிவப்பு மையில் ஓரத்தில் எழுதுவேன்: 'கோடு நடுங்குகிறது. மீண்டும் வரைக.' அவளுக்கு மட்டுமில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனை நோட்டில் எழுதியிருப்பேன்! எனக்கு அழுகை வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை மெதுவாக ஓட்டினார்.

ஜூலை 10, புதன்

இனி வகுப்புக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் வந்து கத்தியை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"உலகு, ஒண்ணு சொல்லுவேன். கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"தை மாசத்துலேருந்து பாக்கேன்."

எதை என்று நான் கேட்கவில்லை. பிரஷ் சரியில்லை என்றேன்.

"பிரஷ்ஷும் சரியில்ல, பேனாவும் சரியில்ல, டம்ளரும் சரியில்ல. பேங்குல மேசையும் சரியில்ல. எத்தனை சாமானைத்தான் மாத்துறது, சொல்லு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தது எங்கேயோ போய் முடிந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். இவர் பீன்ஸை நறுக்கிக்கொண்டே பேசினார். "புளியரை மலை ரோட்டுல பஸ் போற போக்கு தெரியும்லா. அதுல நின்னுக்கிட்டுத்தான் முப்பது வருசம் டிக்கெட்டுக் கணக்கு எழுதினேன். விறைச்சிக்கிட்டு நின்னா ஒரு எழுத்து எழுத முடியாது, கேட்டியா. பஸ்ஸு ஆடுற பக்கம் நாமளும் கொஞ்சம் ஆடிக் கொடுக்கணும்."

"நான் பஸ் இல்லை" என்றேன்.

"இல்லதான். டாக்டர்ட்ட போவமா?"

"அண்ணனும் இப்படித்தான் போனாங்க."

அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை. "சரி. நீ எப்ப சொல்லுதியோ அப்ப" என்று எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். பீன்ஸை விரல் நீளத்துக்கு நறுக்கி வைத்திருந்தார். அதை அப்படியே பொரியல் செய்து சாப்பிட்டோம்.

ஜூலை 12, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. சாரல் நின்று வெயில் அடித்தது, மிளகாய் காயப்போட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

போகவில்லை. பத்து மணிக்கு மீராள் போன் செய்தாள். அடுத்த வாரம் சுந்தரபாண்டியபுரம் வயலுக்குப் போகிறார்களாம். பூ முழுக்க விரிந்துவிட்டதாம். "நீங்க வராம நாங்க போகல டீச்சர். அந்தக் கோட்டை எல்லாருக்கும் ஒரு தடவை போட்டுக் காமிக்கணும், நான் சொல்லி வச்சிட்டேன்" என்றாள். பார்க்கலாம் என்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதப்போகிறேன்.

வேனில் ஏழு பேர். சுந்தரபாண்டியபுரம் ரோட்டில் இறங்கும்போதே கூட்டம். கார், பைக், போட்டோ எடுக்கிறவர்கள். வயலைப் பார்த்ததும் மீராளுக்கு முகம் தொங்கிவிட்டது. பூக்கள் எல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. "சூரியன் பக்கம் திரும்பும்லா, கொஞ்ச நேரம் பொறுப்போம்" என்றாள் கற்பகவல்லி. விரிந்து முடித்த பூ திரும்பாது, கிழக்கே பார்த்தபடியேதான் நிற்கும் என்று நான் சொன்னேன். மொட்டாக இருக்கும்போதுதான் அந்த ஆட்டமெல்லாம். எல்லோரையும் வரப்பு வழியாக வயலைச் சுற்றிக் கூட்டிப்போய் கிழக்கு ஓரத்தில் நிறுத்தினேன். அங்கிருந்து பார்த்தால் அத்தனை பூவும் எங்களைப் பார்த்தது. பின்னால் மேற்கே மலை, மேகம் கவிந்து நீலமாக நின்றது.

அட்டைகளை நிறுத்தினோம். வானம், மலை, தரை எல்லாம் ஆளாளுக்குப் போட்டாகிவிட்டது. தூரத்துப் பூக்களை ஒரே மஞ்சள் இழுப்பாக விடச் சொன்னாள் மீராள். பக்கத்துப் பூக்களுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டாள். "டீச்சர், நீங்க போடுங்க. நாங்க பாக்கோம்."

பிரஷ்ஷில் மஞ்சளைத் தோய்த்துக் கையைத் தூக்கினேன். ஆறு பேர் என் கையையே பார்த்தார்கள். கை ஆடியது. கற்பகவல்லி தன் பிரஷ்ஷைத் தூக்கி என்னைப் போலவே ஆட்டத் தயாராக நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. கையை இறக்கினேன்.

"இது பயிற்சி இல்லம்மா. என் கை நடுங்குது. நான் நடுங்கவைக்கலை, தானா நடுங்குது. ஆறேழு மாசமா. நான் உங்க எல்லார்ட்டயும் பொய் சொல்லிட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் வாய்விட்டுச் சொன்னது இதுவே முதல் தடவை என்று உறைத்தது. வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லவில்லை. அவர்தான் சொன்னார்.

கற்பகவல்லி பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டாள். "ஐயோ டீச்சர், அன்னிக்கு உங்க மூஞ்சிக்கு நேரா ஆட்டிக் காமிச்சேனே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மீராள் அழவில்லை. முப்பதாம் தேதி நான் போட்ட பழைய அட்டையை வேனிலிருந்து எடுத்துவந்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"நான் கோட்டைத்தான் பாத்தேன் டீச்சர். கோடு நல்லாருக்கு. கை எப்பிடி இருந்தா என்ன, நான் மார்க்கைக் குறைக்க மாட்டேன்."

"உன் நோட்டுல கோடு நடுங்குதுன்னு எழுதினேனே மீராள், நாலு தடவை."

"ஆமா டீச்சர். உங்களைப் பாத்துத்தான் நடுங்குச்சு."

அழுதுகொண்டிருந்த கற்பகவல்லியே சிரித்துவிட்டாள். "சரி, போடுங்க. வெயில் ஏறுது" என்றாள் மீராள்.

போட்டேன். இந்த முறை எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. நுனியில் பிடித்தேன், தோளிலிருந்து இழுத்தேன். கை ஆடிய பக்கம் விட்டுக்கொடுத்தேன். சில இதழ் நன்றாக வந்தது, சில கண்றாவியாக வந்தது. ஒரு பூ வெறும் மஞ்சள் சேறு. நடுவில் கறுப்பும் பழுப்புமாக ஒரு குத்து, அவ்வளவுதான், ஆயிரம் பூவும் அதில் அடக்கம். எண்ணவில்லை. முடித்தபோது புடவை முழுக்க பெயின்ட். இவ்வளவு நேரம் பேசாமல் நின்றது என் வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும் முன்னாலேயே சொன்னேன். "போவோம். டாக்டர்ட்ட சொல்லி வைங்க." இவர் சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்தார். டாக்டர் பெயர், போன் நம்பர், திருநெல்வேலி முகவரி. மடிப்பு கிழியும் நிலையில் இருந்தது. எத்தனை சட்டை மாறியிருக்குமோ.

ஜூலை 24, புதன்

திங்கட்கிழமைக்குத்தான் நேரம் கொடுத்திருக்கிறார்கள். பயமாக இருக்கிறது. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 29, திங்கள்

டாக்டர் சின்னப் பெண், என் மாணவிகள் வயதுதான் இருக்கும். அண்ணனைப் பற்றி எல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினாள்.

"நடுவுல ஆரம்பிச்சு வெளிய வர மாதிரி ஒரு சுருள் வரைங்கம்மா. கையை மேசையில ஊன்ற வேண்டாம்."

ஊருக்கெல்லாம் படம் வரையவைத்து மார்க் போட்டவளுக்கு இன்று படம் வரைந்து காட்டச் சொல்லிப் பரீட்சை. வரைந்தேன். சுருள் முழுக்க அலை. இறுக்கிப் பிடித்தால் கொஞ்சம் ஒளிக்கலாம், எனக்கு அந்த வித்தை தெரியும். ஒளிக்கவில்லை. டாக்டர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். கையை மடியில் சும்மா வைத்துக்கொள்ளச் சொல்லி, ஒரு நிமிஷம் முழுதாக அதையே பார்த்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் அண்ணனின் ஆறு வருடமும் எனக்குள் ஓடியது. விரலைத் தட்டச் சொன்னாள். முழங்கையை மடக்கி நீட்டினாள். வராந்தாவில் நடந்து வரச்சொன்னாள்.

"உங்க அண்ணனுக்கு வந்தது இல்லம்மா இது" என்றாள்.

எனக்குக் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. இவர்தான், "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

"அது இல்ல சார். அதுல கை சும்மா இருக்கும்போதுதான் ஆடும். எழுத்தும் சிறுத்துக்கிட்டே போகும். அம்மாவுக்கு வேலை செய்யும்போது மட்டும்தான் ஆடுது. இது வெறும் கைநடுக்கம். முழுசாப் போகாது, மாத்திரையில குறையும். ரத்தப் பரிசோதனை ஒண்ணும் பாத்துக்குவோம். படுக்கையில போடுற வியாதி இல்ல."

"இன்னொரு தடவை" என்றார் இவர் மறுபடியும்.

டாக்டர் கோபப்படாமல் மறுபடியும் சொல்ல ஆரம்பித்தாள். எங்கிருந்தோ தாள்கள் சலசலக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். இவர் மடியிலிருந்த என் ஃபைல். அதைப் பிடித்திருந்த கை இரண்டும் தூக்கித் தூக்கிப் போட்டன. தை மாதத்திலிருந்து இந்த மனிதர் என் கையையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். இவர் கையை நான் ஒரு நாளாவது திரும்பிப் பார்த்தேனா?

ஃபைலை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். என் கையும் சேர்ந்துதான் ஆடியது. டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டம் அடங்கும் வரை நாங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

தென்காசியில் இறங்கியதும் பெயின்ட் கடைக்குப் போனோம். மஞ்சள் தீர்ந்துவிட்டது. நான் சின்ன டியூப்பை எடுத்தேன். இவர் அதை வாங்கித் திருப்பி வைத்துவிட்டு, இருப்பதிலேயே பெரியதை எடுத்தார்.